அவள் கேட்டுவைத்திருந்த சொல்

என் அன்பான இவருக்கு,

கடையிலோ மாதா கோயிலிலோ வேலையிடத்திலோ, யாரோடு பேசினாலும் உங்களை நான் "இவர்" என்றுதான் சொல்லிவந்தேன். நீங்கள் போன பிறகு, மாதா கோயிலில் பழகிய ஞானம் அக்கா ஒருநாள் மெதுவாகத் திருத்தினார். "இனி 'அவர்' எண்டு சொல்லப் பழகு, பிலோமினா." நானும் பழகிப் பார்த்தேன். நாக்கு திரும்பவில்லை. பக்கத்து அறையில் இருக்கிற ஆளைப் போய் எப்படி "அவர்" என்பது?

எங்கள் மகள் ஸ்ரெலா என்னைவிட உயர்ந்துவிட்டாள். தொலைபேசியில் கூட்டாளிகளோடு இந்த ஊர் ஜெர்மனில் அவள் பேசுகிற வேகத்துக்கு எனக்குப் பாதிதான் விளங்குகிறது. நீங்கள் கம்பி கட்டித் திருத்திய துணி துவைக்கிற இயந்திரம் இன்னும் சுற்றுகிறது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில்தான் இருக்கிறேன். சுகத்துக்குக் குறைவில்லை.

ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. பொறாமை என்றே எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதம் நம் ஆட்களின் சஞ்சிகையில் வரப்போகிறது. செத்த மனிசனிடமா இவள் பொறாமைக் கணக்குத் தீர்க்கிறாள் என்று வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நினைவுத் திருப்பலியில் எல்லோரும் உங்கள் நல்ல குணத்தைச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல மிஞ்சியது இதுதான்.

எங்கிருந்து தொடங்கியது? ஜெர்மனிக்கு வந்த புதிதில் இருந்த அந்தப் பழைய அகதி முகாமிலிருந்துதான். வெளிநாட்டாரைப் பிடிக்காதவர்கள் எங்களைப் போன்றவர்கள் தங்கியிருந்த கட்டடங்களைக் கொளுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து நாங்கள் சப்பாத்தோடு படுத்த காலம் அது. சன்னலுக்குக் கீழே நீங்கள் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தீர்கள். ஒரு மாலை கீழ்த் தளத்தில் யாரோ பருப்பைக் கருகவிட்டார்கள். புகை எழும்பியதும் கட்டடம் முழுக்க அலறியது. அப்போதுதான் அந்தச் சிவப்புத் தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய மனிதர்கள் ஓடவில்லை, கத்தவில்லை. உள்ளே போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்தார்கள்.

நீங்கள் முற்றத்தில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அவையள் வந்தவுடனை எல்லாருக்கும் மூச்சு வந்தது, பாத்தனீரோ?" என்றீர்கள். "நானும் அப்பிடி ஒராளா வந்து இறங்கோணும்."

வெறும் பேச்சு என்று நினைத்தேன். ஆனால் பத்திரங்கள் சரியாகி, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஊரில் வீடு கிடைத்ததும், நீங்கள் முதலில் போனது ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு. பகலில் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் ஓடிவருகிற தொண்டர் படை அது. அதன் தலைவர் ஹெர் வைஸ், ஜெர்மன் மொழி விளங்குமா என்று கேட்டாராம். "நெருப்பு என்று கத்தினால் விளங்கும்" என்றீர்களாம். சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்கள்.

யேசுதாசன் என்ற உங்கள் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. "தாஸ்" ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் அந்த ஒலிக்கு "அது" என்று அர்த்தம். "அது வந்துவிட்டதா, அது எங்கே" என்று நிலையமே பகிடி பண்ணுகிறது என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கூப்பிட்டால் பத்திரிகையிலிருந்து தலை எடுக்காத மனிசன், "தாஸ்" என்று தெருவில் குரல் கேட்டால் சன்னலுக்கு ஓடினீர்கள்.

வாரத்தில் ஒரு மாலை பயிற்சி, சனிக்கிழமை பயிற்சி. கதிரைக் காலில், கட்டில் காலில், ஸ்ரெலாவின் பொம்மையின் இடுப்பில் எல்லாம் முடிச்சுப் போட்டுப் பழகினீர்கள். குழாய்களின் பெயர்களைச் செபம் மாதிரி முணுமுணுத்தீர்கள். பிறகு, புகைக்குள் போகிறவர்களுக்கான மூச்சுக்கருவிப் பயிற்சி வந்தது. முகமூடி தோலோடு ஒட்டி நிற்க வேண்டுமாம். தாடி இருந்தால் இடையில் புகை புகுந்துவிடுமாம்.

அந்தத் தாடியை எடுக்கச் சொல்லிக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் கெஞ்சியிருக்கிறேன். "ஆம்பிளைக்கு அதுதான் வடிவு" என்று தட்டிக் கழித்தீர்கள். அவர்கள் ஒருமுறை சொன்னார்கள். அன்றைக்கே எடுத்தீர்கள். குளியலறை வாசலில் நின்று உங்கள் நாடியை வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்த்தேன்.

"ஆருக்காக எடுத்தனீங்கள்?"

"முகமூடிக்கு."

"நான் கேட்டதெல்லாம்?"

"நீர் முகமூடியோ?" என்று கேட்டுவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு போனீர்கள்.

அதற்குப் பிறகு மார்ட்டினா. தபால் வண்டி ஓட்டுகிறவள். உயரமானவள், கட்டையாக வெட்டிய முடி, சிரித்தால் சந்திவரை கேட்கும். புகைக்குள் யாரும் தனியாகப் போவதில்லை, இரண்டு பேராகத்தான் போவார்கள், அந்த ஜோடிக்கு "ட்ரூப்" என்று பெயர் என்று சாப்பிட்டபடியே எனக்கு விளக்கினீர்கள். உங்கள் ட்ரூப் அவள்.

"ரெண்டு பேர் உள்ளை போனா ரெண்டு பேரும் வெளியிலை வரோணும். ஒராளை விட்டிட்டு மற்றாள் வரேலாது. உள்ளுக்கை கண் தெரியாது. அவள்ரை மூச்சுச் சத்தத்தை வைச்சுத்தான் அவள் எங்கை நிக்கிறாள் எண்டு பிடிக்கிறனான்."

சோற்றைக் குழைத்துக்கொண்டு எவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள்! அது ஒரு பெண்சாதியின் காதில் எப்படி விழும் என்று யோசித்தீர்களா?

"என்ரை மூச்சுச் சத்தம் தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"உம்மடை குறட்டை தெரியும்."

நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. சந்தேகம் என்றால் ஒரு சண்டை பிடித்து முடித்திருக்கலாம். இது வேறு. அவளுக்குத் தெரிந்த ஒரு யேசுதாசன் இருந்தார். அவரை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. கோடையில் நிலையத்தில் நடந்த விழாவுக்கு நான் வடை சுட்டுக்கொண்டு வந்தேனே, அன்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "தாஸுக்குப் பயம் வந்தால் முகமூடிக்குள் ஒரு பாட்டு முணுமுணுப்பார். அது என்ன பாட்டு?" உங்களுக்குப் பயம் வரும் என்பதே எனக்குத் தெரியாது. பாட்டு வரும் என்பதும் தெரியாது. "மாதா பாட்டு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

பிறகு அந்த மார்கழிக் காலை. தெருவெல்லாம் கண்ணாடி போல் உறைந்து கிடந்தது. நீங்கள் தொழிற்சாலைக்கு முதல் வேலைமுறைக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் ஸ்ரெலாவுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போன, நிலையத்திலிருந்து கூப்பிடுகிற அலறும் கருவி, உங்கள் பீப்ஸர், கத்தத் தொடங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னது: மரஆலை வளைவில் விபத்து, வாகனத்துக்குள் ஒருவர் சிக்குண்டிருக்கிறார்.

"ஆள் வீட்டிலை இல்லை, வாயை மூடு" என்று அதனிடம் சொல்லிவிட்டு நான் பொத்தானை அமத்தினேன். உங்களைக் காப்பாற்ற உங்களையே கூப்பிட்டது அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஹெர் வைஸ் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். கூரையை வெட்டி எடுக்கும்வரை மார்ட்டினா பின் கண்ணாடியால் ஊர்ந்து உள்ளே போய் உங்கள் தலையைத் தாங்கிக்கொண்டு இருந்தாள் என்றார். "அவர் தனியாக இருக்கவில்லை, திருமதி யேசுதாசன்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. உங்கள் கடைசி மூச்சையும் அவளா கேட்டாள்?

அடக்கத்தன்று சீருடையோடு வரிசையாக நின்றார்கள். மார்ட்டினா என்னை நோக்கி வந்தாள், ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். நான் ஸ்ரெலாவின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். பிறகும் வந்து மணி அடித்தாள். "இப்ப ஏலாது" என்று கதவுக்கு உள்ளேயிருந்து சொன்னேன். எதைச் சொல்ல வருகிறாள் என்று தெரியும். நீங்கள் கடைசியாகப் பேசியதைச் சொல்ல வருகிறாள். அதை அவள் வாயால் கேட்டு வாங்க வேண்டிய ஆளா நான்?

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. பேக்கரிக்காரர் ஒரு கதை சொன்னார், ஏணியில் நீங்கள் செய்த பகிடி. மருந்துக் கடைப் பெண் ஒரு கதை சொன்னாள், வெள்ளம் வந்தபோது அவள் கிழட்டு நாயை நீங்கள் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. எல்லோரிடமும் உங்களில் ஒரு துண்டு இருந்தது, என்னிடம் இல்லாத துண்டு. கேட்கக் கேட்க நெஞ்சு எரிந்தது. நீங்கள் போய்வந்த இடங்களுக்கு நானும் போய்ப் பார்க்காமல் இது அடங்காது என்று தெரிந்துகொண்டேன்.

இலை உதிர்கிற காலத்தில் தீயணைப்பு நிலையத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி தொடங்குகிறது என்று அறிவித்தார்கள். நான் ஹெர் வைஸிடம் போனேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, கவலையில் எடுக்கிற முடிவு இது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்றார்.

"கவலையில் வரவில்லை. எரிச்சலில் வந்தேன்" என்றேன். நான் போட்ட ஜெர்மன் சொல் சரியோ பிழையோ தெரியாது.  அவர் எழும்பிப் போய், அளவு பார்க்க ஒரு சோடிச் சப்பாத்துக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

ஞானம் அக்கா தலையில் கை வைத்தார். "விசரே உனக்கு? பொம்பிளைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு நெருப்புக்குள்ளை போகப்போறியோ?" ஸ்ரெலா வேறு விதமாகக் கேட்டாள். "அம்மா, பல்ப் மாத்த மேசையிலை ஏறவே உங்களுக்குப் பயமெல்லோ?"

ஓம், பயம்தான். ஏணியின் நடுவில் நின்று மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் அழுதிருக்கிறேன். தண்ணீர் நிறைந்த குழாயைப் பிடித்தபோது அது என்னை இழுத்துக்கொண்டு போனது. சமையலறை ஜெர்மன் மட்டும் தெரிந்த எனக்கு அந்தக் கருவிகளின் பெயர்கள் கல்லாக இருந்தன. நீங்கள் முணுமுணுத்த மாதிரியே நானும் சட்டி கழுவிக்கொண்டு முணுமுணுத்தேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா? மார்ட்டினாதான். மற்றவர்களை நடத்துவது போலவே என்னையும் நடத்தினாள்; இரக்கமும் காட்டவில்லை, ஒதுங்கவும் இல்லை. ஒருநாள் என் முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாஸும் இந்த இடத்தில்தான் எப்போதும் பிழைவிடுவார்" என்றாள். நான் அதை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, உங்கள் பிழையை இன்னொருமுறை கட்டிப் பார்த்தேன்.

அடிப்படைப் பயிற்சியில் தேறினேன். அடுத்த வருடம் மூச்சுக்கருவிப் பயிற்சி. நீங்கள் சொன்ன அந்தப் புகைக்கூடத்தை அப்போதுதான் பார்த்தேன். கம்பிக் கூண்டுகள், குழாய்கள், ஏணிகள், எல்லாம் கும்மிருட்டில். சூடு ஏற்றி, புகை விட்டு, உள்ளே அனுப்புகிறார்கள். எனக்கு ஜோடியாக இருந்த வங்கிக்காரர் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. ஹெர் வைஸ் யாரை விடுவது என்று சுற்றிப் பார்த்தார்.

"நான் போகிறேன் அவளோடு" என்றாள் மார்ட்டினா.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பயிற்சி போய்விடும். முகமூடியை இழுத்து மாட்டினேன்.

முன்னால் நான், பின்னால் அவள். பாதித் தூரத்தில் ஒரு குழாய்க்குள் முதுகுச் சிலிண்டர் கொழுவிக்கொண்டது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் மூச்சு எனக்கே ஒரு மிருகத்தின் மூச்சு மாதிரிக் கேட்டது. இப்படி இழுத்தால் காற்று முடிந்துவிடும் என்று தெரிந்தும் இன்னும் வேகமாக இழுத்தேன். அப்போது என் கணுக்காலில் ஒரு கை வந்து பிடித்தது.

"பிலோ, முதலில் வெளியே விடு. உள்ளே இழுப்பது தானாக நடக்கும். வெளியே விடு."

விட்டேன். என் சத்தம் குறையக் குறைய அவளுடைய சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒரே சீராக, அவசரம் இல்லாமல், பின்னால். அவள் எத்தனை முழத் தூரத்தில், எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. நீங்கள் சோறு குழைத்துக்கொண்டு சொன்னது அவ்வளவும் உண்மை. எரிச்சல் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போகவில்லை. ஆனால் நான் எரிந்தது அவள்மேல் இல்லை, பார்க்காமலே ஒராளை இப்படி அறிகிற இந்த நெருக்கத்தின்மேல் என்பது அந்த இருட்டில்தான் எனக்கு விளங்கியது. தோளைச் சரித்தேன், சிலிண்டர் விடுபட்டது, ஊர்ந்தேன்.

வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, சுவரோரம் இருந்த வாங்கில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். உடம்பிலிருந்து ஆவி பறந்தது. கேட்டுவிட்டேன்.

"இவர் கடைசியில் என்ன சொன்னவர்?"

அவள் சிலிண்டரின் திருகாணியை இறுக்கினாள், திரும்பத் தளர்த்தினாள்.

"ஒரே ஒரு சொல். திரும்பத் திரும்ப. 'வாறும்' என்று கேட்டார்."

"வாறும்" என்றால் ஜெர்மனில் "ஏன்". இங்கே பிள்ளைகள் முதலில் கேட்கப் பழகுகிற சொல் அது.

"என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, பிலோ. உடைந்த கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு ஏன், ஏன் என்று கேட்டார். நான் என்ன சொல்ல? பனி என்றேன். லொறி சறுக்கியது என்றேன். திரும்பவும் கேட்டார். தபால் வண்டியில் அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவருக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். உனக்குச் சொல்லத்தான் வந்தேன். நீ கதவு திறக்கவில்லை. திறக்காதது நல்லது என்று பிறகு நினைத்தேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே செத்தார் என்று ஒரு மனைவியிடம் எப்படிச் சொல்வது?"

எனக்கு ஏதோ பொருந்தவில்லை. நீங்கள் அந்தச் சொல்லை அவர்களைப் போலவே வெட்டித்தான் சொல்வீர்கள். "இவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டு" என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். "வா...ரும்" என்றாள். முதல் எழுத்தை நீட்டி, கடைசியை மெதுவாக இறக்கி. "உங்கள் ஆட்களின் உச்சரிப்பு என்று நினைத்தேன்."

இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற இந்தியத் தமிழர்களுக்காக ஒன்று எழுதவேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் புருசன் பெண்சாதியை "வா" என்று கூப்பிடுவதில்லை, "வாருங்கோ" என்றும் கூப்பிடுவதில்லை. "வாரும், இரும், சாப்பிடும்" என்பார். ஸ்ரெலாவை நீங்கள் "வா" என்பீர்கள். ஞானம் அக்காவை "வாங்கோ" என்பீர்கள். இந்த ஊரில் நீங்கள் "வாரும்" என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

உடனே சொன்னேனா? இல்லை.  கடைசியில் என்னிடமும் ஒரு துண்டு இருக்கிறது, அவளிடம் இல்லாத துண்டு. சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் போல் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை அவளும் அல்லவா வைத்திருக்கிறாள்? பிழையாக என்றாலும் வைத்திருக்கிறாள், தன்னைக் கேட்ட கேள்வி என்று வைத்திருக்கிறாள். அது என்னுடையது. பிழையாகக்கூட அதை அவளிடம் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அது ஜெர்மன் இல்லை, மார்ட்டினா. அது தமிழ். வரச்சொல்லிக் கூப்பிட்டவர். உன்னை இல்லை." நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "என்னை."

அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. "அப்படியென்றால் ஏன் என்று கேட்கவில்லையா?"

"இல்லை."

"என்னிடம் எதுவுமே கேட்கவில்லையா?"

"உன்னோடை இவர் கதைக்கவே இல்லை."

குத்தத்தான் சொன்னேன். அவளோ முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, பாரம் இறக்கிய ஆள் மாதிரி, குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். றப்பரும் புகையும் வியர்வையும் மணத்தன. பயிற்சி முடிந்து வருகிற நாட்களில் உங்களில் மணக்கிற மணம். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்பதையும் எழுதிவிடுகிறேன். என்றாலும் நானும் அழுதேன்.

இப்போது அவளும் நானும் ஒரு ட்ரூப். போன மாதம் பழைய பள்ளிக்கூடத் தெருவில் ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் போய், மயங்கிக் கிடந்த ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வெளியே வந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். நாங்கள் வண்டியில் வந்து இறங்கியபோது, வாசலில் நின்ற அவருடைய மனைவி எங்களைப் பார்த்து ஒரு மூச்சு விட்டாள். நீங்கள் எதற்கு ஆசைப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியவந்த இடம் அது. மார்ட்டினா உங்களைப் பற்றி இன்னும் கதை சொல்கிறாள். இன்னும் எனக்கு எரிகிறது. ஆனால் இப்போது மிச்சத்தையும் சொல் என்று நானே கேட்கிறேன்.

நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டுவிட்டது. பிந்தித்தான் கேட்டது, அதுவும் இன்னொருத்தி வாயால் கேட்டது. ஆனாலும் கேட்டது. வாறன். கட்டாயம் வருவன். ஸ்ரெலா தன் காலில் நிற்கட்டும். என்னோடு புகைக்குள் வருகிற ஆட்களை எல்லாம் நான் வெளியே கொண்டுவந்து விடவேண்டும். அதற்குப் பிறகு வாறன்.

அதுவரைக்கும் அங்கை வேறை ஆரையும் "வாரும்" எண்டு கூப்பிட்டிடாதேங்கோ.

உங்கள் மனைவி,
ஸ்ரெலாவின் அம்மா,
பிலோமினா